சாமந்திக்கு வேண்டிய இருட்டு

நஃபீசா மாமி சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கிடங்குக்கு இயந்திரங்கள் வந்ததும் வேலை போனது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. வேறு வேலை தேடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவரோ கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையின் மூலையை ஒரு வருட வாடகைக்கு எடுத்து, நானூறு சட்டிகளில் மஞ்சள் சாமந்தி வைத்தார். தேக்காவில் பூக்கடை நடத்தும் மோகனப்பிரியா, தீபாவளிக்கு அத்தனையையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

கணவர் அப்துல் கஃபார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“தீபாவளிக்குப் பூத்தா நீ அங்கேயே இரு. பூக்கலைன்னா இடத்தை விட்டுட்டு வந்துடணும், சரியா?”

மாமி சரி என்றுவிட்டார்.

பக்கத்து இடத்தில் ரத்னவேல் அலங்கார மீன் வளர்க்கிறார். ஜூலையில் அவருடைய அரோவானா மீன்கள் இரண்டு திருடு போயின. மறுநாளே உயரமான கம்பம் நட்டு ஒரு பெரிய விளக்கை மாட்டினார். இரவு ஏழரை மணிக்குத் தானாக எரியும், விடிந்தால்தான் அணையும்.

“உனக்கும் சேர்த்துத்தான் காவல், தங்கச்சி. சும்மாவே எடுத்துக்க லா,” என்றார்.

மாமி நன்றிகூடச் சொன்னார். அந்த விளக்கு எரிந்து அவர் பார்த்ததே இல்லை. கிராஞ்சியில் பஸ் குறைவு என்பதால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்.

செடிகள் கரும்பச்சையாக, ஆள் மெச்சும்படி வளர்ந்தன. ஆனால் ஆகஸ்ட் கடைசியிலும் மொட்டு இல்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருந்த முப்பத்தைந்து சட்டிகளில் மட்டும் மொட்டு வந்திருந்தது. மாமி உரத்தை மாற்றினார், தண்ணீரைக் குறைத்தார். எதுவும் உதவவில்லை. தீபாவளிக்குப் பத்து வாரம்தான் இருந்தது.

ஒரு நாள் குழாய் உடைந்தது. அதைச் சரிசெய்வதற்குள் பஸ் போய்விட்டது. ஏழரை மணிக்கு விளக்கு எரிந்தபோது உர மூட்டையில் இருந்த பொடி எழுத்துகூடத் தெரிந்தது. டேங்கின் நிழல் மட்டும் கறுப்பாகத் தரையில் விழுந்தது. அந்த முப்பத்தைந்து சட்டிகளும் அந்த நிழலுக்குள் இருந்தன.

சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், இல்லையென்றால் மொட்டு வைக்காது. செடி வைக்கும் முன் மாமி போன பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லியிருந்தார்கள். நம் ஊரில்தான் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டாயிற்றே என்று மாமி அதை மறந்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலை ரத்னவேலிடம் போனார்.

“அண்ணே, உங்க விளக்கை அணைக்கணும்.”

“ஏன், உன் செடிக்குத் தூக்கம் வரலையா?”

“ஆமாண்ணே, அதேதான்.”

ரத்னவேல் விழுந்து விழுந்து சிரித்தார். “வெளிச்சம் குடுத்தா செடி வளரும்னு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் லா. திருடன் திரும்ப வந்தா என்ன பண்றது? உன் சாமந்தி அவனைக் கடிக்குமா?”

மாமி சண்டை போடவில்லை. சிவப்பு ராஃபியா கயிறு ஒன்றை எடுத்து, மொட்டு வைத்த சட்டிகளின் வலது ஓரமாக, நேராக வேலிவரை இழுத்துக் கட்டினார். இடது ஓரமாக இன்னொன்று. பிறகு ரத்னவேலைக் கூப்பிட்டார்.

“இந்தக் கயிறைப் பிடிச்சுக்கிட்டே நடங்க. எங்க போய் முடியுதுன்னு பாருங்க.”

கயிற்றின் ஒரு பக்கம் மொட்டு, மறுபக்கம் வெறும் இலை. ரத்னவேல் டேங்கை உரசிக்கொண்டு நடந்து, வேலிக் கம்பியில் முட்டி நின்றார். நேர் எதிரே அவருடைய விளக்குக் கம்பம். திரும்பி வந்து அடுத்த கயிற்றைப் பிடித்தார். அதுவும் அங்கேயே கொண்டுபோய் விட்டது.

“அடப்பாவமே,” என்றார். “நானா பண்ணேன்?”

“திருடனைப் பிடிக்க வச்சீங்க. மாட்டினது நான்.”

“அதுக்காக அணைக்க முடியாதே, தங்கச்சி. என் மீனு?”

“அணைக்க வேணாம். குனிய வைங்க, போதும்.”

பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, விளக்குக்கு ஒரு மறைப்பு செய்து மாமி தயாராக வைத்திருந்தார். ரத்னவேல் ஏணியில் ஏறி அதை மாட்டினார். அன்று மாலை மாமி வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிட்டார். விளக்கு எரிந்ததும் அவர் பக்கம் முழுக்க இருட்டு. சட்டிகளுக்கு நடுவே தடவித் தடவி நடந்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அந்தப் பக்கம் ரத்னவேல் தன் காவல் கேமராவின் திரையைப் பார்த்துக் கத்தினார்: “இத்தனை நாளும் பாதி வெளிச்சம் உன் பக்கம்தான் போயிருக்கு! இப்பத்தான் மீனோட கண்ணே தெரியுது!”

நான்காவது வாரம் எல்லாச் சட்டியிலும் மொட்டு. தீபாவளிக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு மூலை முழுக்க மஞ்சளாகிவிட்டது. மோகனப்பிரியாவின் லாரியில் சட்டிகளை ஏற்ற அப்துல் கஃபாரும் வந்திருந்தார். நிழலில் இருந்த முப்பத்தைந்து மட்டும் முன்பே பூத்து வாடிப்போயிருந்தன.

அதைப் பார்த்த ரத்னவேலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தியா? என் விளக்கு இல்லைன்னா எல்லாமே இப்படி முன்னாடியே பூத்துத் தொலைஞ்சிருக்கும். உன்னைக் காப்பாத்தினதே நான்தான்!”

மாமிக்கு அது உண்மை என்று தெரியும். அவர் நட்டது சீக்கிரம்தான்.

“அப்போ அடுத்த வருஷமும் காப்பாத்துங்க. அறுநூறு சட்டி வைக்கிறேன். எந்தத் தேதியில டின்னை மாட்டணும்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் விளக்கு நல்லா எரியட்டும்.”

“அடுத்த வருஷமா?” அப்துல் கஃபார் கையில் சட்டியோடு நின்றார். “அப்ப இடத்தை இன்னொரு வருஷத்துக்குக் கேட்டு எழுதிக் குடுக்கணுமே?”

“போன வாரமே குடுத்துட்டேங்க,” என்றார் மாமி. “சட்டியைச் சாய்க்காம ஏத்துங்க.”