வலது பக்கத்து முன்சக்கரம்

எங்கள் நைனா மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் இது லேசான விஷயமில்லை. பெரியப்பாக்கள் அவரை இரண்டு மூன்று முறை கடலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். வலை இழுக்கத்தான் ஆள் வேண்டும், படகை நாறடிக்க வேண்டாம் என்று கரையில் இறக்கிவிட்டார்களாம். பிறகுதான் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இறால் வாங்கி விற்கும் ஒரு முதலாளியிடம் பிக்கப் டிரைவராகச் சேர்ந்தார். காலையில் இறாலும் நண்டும் ஏற்றிப் போவார். சாயங்காலம் கடைக்காரர்களுக்காக அரிசி மூட்டையும் சிமென்ட் மூட்டையுமாகப் பொன்னேரியிலிருந்து பாரம் ஏற்றி வருவார். வண்டியில் அவருக்கு ஒருநாள்கூடக் குமட்டியதில்லை.

எங்கள் பக்கம் ஏரிக்கோ கடலுக்கோ போய்விட்டு வருகிறவர்கள் வாசலில் கால் கழுவாமல் உள்ளே நுழைய முடியாது. நைனா சேற்றில் இறங்காதவர்தான். ஆனாலும் வீட்டு ஆண்பிள்ளை திரும்பி வருகிறார், கால் கழுவித்தானே ஆகவேண்டும்? அவர் வரும் நேரத்துக்குச் சின்னக் குடத்தில் தண்ணீரோடு வாசலில் நிற்பது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பதவி அதுதான். தம்பி குடத்தைத் தொட்டால் கிள்ளிவிடுவேன்.

ஒருநாள் நைனா சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தில் துருவைச் சுரண்டிக்கொண்டே, "உப்புக்காத்து இரும்பைத் தின்னுடும் கண்ணு. நல்ல தண்ணி ஊத்தினா தாங்கும்," என்றார். போதாதா எனக்கு? அன்றைக்கே வண்டிக்கும் கால் கழுவ ஆரம்பித்துவிட்டேன். நைனாவின் கால்களுக்குப் போக மிச்சமிருக்கும் தண்ணீர் ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் வரும். அதனால் அவர் இறங்குகிற பக்கம், வலது முன்சக்கரத்துக்கு மட்டும் ஊற்றுவேன். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை இப்படி வீணாக்குகிறேனே என்று அம்மா கத்துவாள். எனக்குக் காதில் ஏறாது. ஊற்றியதும் சக்கரத்துக்குள்ளிருந்து 'சொர்ர்' என்று சத்தம் வந்து ஆவி கிளம்பும். நாளெல்லாம் ஓடிய வண்டி 'அப்பாடா' என்று சொல்வதாக நான் முடிவு செய்திருந்தேன். நைனா இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் வண்டிக்கு அந்த நோய் வந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறியது. பொன்னேரி ரோட்டில் ஷெட் வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் என்ற இரும்புத் தட்டு கோணியிருக்கிறது என்றார். லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது, மறுபடியும் உதறல். புது டிஸ்க் போட்டார்கள். அதுவும் கோணியது.

முதலாளி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "பிரேக் மேல காலை வெச்சினே ஓட்டினா எந்த டிஸ்க் தாங்கும்? இன்னொரு வாட்டி ஆச்சுன்னா சாவியைக் குட்த்துடு," என்றார். சாவி போனால் நைனாவுக்கு மிச்சமிருப்பது படகுதான் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா மகன்கள் அதற்குள்ளேயே வாந்தி எடுப்பதுபோல நடித்துக்காட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்கள்மேல் மண்ணை வாரி இறைத்தேன். அன்று ராத்திரி நைனா சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா வாயாடி, ஆனால் வேலையில் கெட்டிக்காரர். வீல் நட்டுகளை ஒன்றொன்றாக முறுக்கிப் பார்த்தார். பேரிங் பார்த்தார். பிரேக் பேடைப் பிடிக்கும் காலிப்பர் எங்காவது இறுகி நிற்கிறதா என்று பிரித்துப் போட்டார். ஒரு குறையும் இல்லை. "கால் வெச்சினே ஓட்டினா ரெண்டு பக்கமுந்தான கோணணும்? இது வலது பக்கம் மட்டும் கோணுதே, இன்னா மச்சான் இது," என்று நைனாவிடமே கேட்டாராம். கடைசியாக, இன்னொரு புது டிஸ்க்கைப் போட்டுவிட்டு, நாள் முழுக்கக் கூடவே வந்து பார்ப்பதாகச் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் வண்டி பாரத்தோடு வாசலில் வந்து நின்றது. மாமா இறங்குவதைப் பார்த்ததும் எனக்குக் குஷி. வழக்கம்போல நைனாவின் காலுக்கு ஊற்றினேன். குனிந்து மிச்சத்தைச் சக்கரத்துக்குள் ஊற்றினேன். 'சொர்ர்' என்றது. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"தினிக்கும் ஊத்துவியா?" என்றார்.

"தினிக்கும். இந்தச் சக்கரத்துக்கு மட்டும்," என்றேன் பெருமையாக.

அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பாரத்தோடு வந்து, தெருவின் மேடுகளிலெல்லாம் பிரேக் பிடித்துப் பிடித்துக் கொதித்துப்போயிருக்கும் இரும்புத் தட்டு. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் அது கோணாமல் என்ன செய்யும்? மாமா சிரிக்க வாயைத் திறந்தார். நைனா அவரைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. இருவரும் வண்டிக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசினார்கள். மாமா காலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று கோபித்துக்கொண்டாரோ என்று பயந்து, நான் குடத்தின் அடியில் கிடந்ததைக் கொண்டுபோய் அவர் காலில் கவிழ்த்தேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் நைனா முதலாளியிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். "தப்பு என் மேலதாங்க. கால் பழக்கம் அப்பிடி ஆயிடுச்சி. இனிமே வராது," என்றார் கையைக் கட்டிக்கொண்டு. சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். முதலாளி திட்டித் தீர்த்துவிட்டுச் சாவியை விட்டுவைத்தார். எனக்கு அழுகையாக வந்தது. மண்ணை வாரி இறைத்து நான் கட்டிக்காத்த நைனாவுக்கு நிஜமாகவே வண்டி ஓட்டத் தெரியாதா? வீடு திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு டிஸ்க் கோணவில்லை. ஆனால் நைனா நேரம் கழித்து வர ஆரம்பித்தார். விளக்கு போடுவதற்கு முன்னால் வந்துகொண்டிருந்தவர், விளக்கு போட்டும் வரமாட்டார். நான் குடத்தோடு நின்று நின்று கால் கடுத்துப்போவேன். கேட்டால், ரோட்டில் ஆடு என்பார், மாடு என்பார். தண்ணீர் ஊற்றினால் சத்தமும் வருவதில்லை. வண்டி ஏன் பேசமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். அதற்கு உடம்பு சரியாகிவிட்டது என்றார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "உனக்கு வூட்டுக்கு வரவே புடிக்கல," என்று சொல்லிவிட்டுக் குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் தானே தண்ணீர் மொண்டு கால் கழுவிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுந்து போக மனம் வரவில்லை.

போன வருஷம் என் ஸ்கூட்டருக்கு பிரேக் சரிபார்க்க மாமாவின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். "வூட்டுக்குப் போனதும் தண்ணிகிண்ணி ஊத்திடாத தாயி," என்றார். என்னவென்று கேட்டேன். இத்தனை வருஷம் அடக்கிவைத்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்றேன்.

"நானும் அதான் சொன்னேன். உங்க நைனா கேக்கல. நம்மளாலதான் நைனா பேச்சு வாங்குச்சுன்னு தெரிஞ்சா புள்ள தாங்காது மாப்ள, அது ஆசையா ஊத்தட்டும், சக்கரம் ஆறின பொறவு நான் போறேன்னுட்டான்."

நைனா எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்து மதில் மறைவில் வண்டியை நிறுத்திவிட்டு, மதகின்மேல் உட்கார்ந்திருப்பாராம். மாமா ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்திருக்கிறார்.

"வா மச்சான், டீ குடிக்கலாம்னு கூப்ட்டேன். வர்லன்னுட்டான். அங்கேருந்து பாத்தா உங்க வூட்டு வாசல் நேரா தெரியும். நீ லைட்டுக்குக் கீழ குடத்தை வெச்சினு எட்டி எட்டிப் பாத்துனு இருந்த. அவன் உன்னியே பாத்துனு உக்காந்திருந்தான்."

அந்தச் சாயங்காலங்களில் காத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.