சனிக்கிழமை வாங்கிய எண்ணெய்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் புஷ்பவள்ளியின் வீட்டு வாசலில், கார் நிறுத்த வேண்டிய இடத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு கருப்பு வட்டம் உண்டு. எந்தச் சோப்புத் தூளுக்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. அந்த வீட்டில் கார் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். மாதம் ஒரு முறை அதை அங்கே நிறுத்தி, அடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வைத்து, அவளே இஞ்சின் ஆயில் மாற்றுவாள். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய் வருகிற வண்டி அது. பட்டறையில் விட்டால் அரை நாள் போகும். அதைவிட, தன் வண்டியின் அடியில் இன்னொருவர் கை படுவதே அவளுக்குப் பிடிக்காது. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அவள் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்து லோரி டிரைவரின் மகள். வண்டி என்றால் அவளுக்குப் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. கல்யாணமாகி வந்த பிறகு இருபது வருஷம் பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஓட்டியது வீரமுத்து, அவள் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போகிற வழியில், நெடுஞ்சாலைச் சரிவில் வண்டி வழுக்கி வீரமுத்து விழுந்தார். இடது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் காவல் வேலைக்கு நடந்து போனார், வீட்டில் சமைத்தார். நன்றாகவே சமைத்தார்.

விழுந்ததற்கு அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமையன்று கடைக்குப் போய் இஞ்சின் ஆயில் வாங்கி வந்து, தானே மாற்றியிருந்தார். சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அது சமையல் எண்ணெய்க்குத்தானே என்று யாராவது கேட்டால் வீரமுத்து விடமாட்டார். மலாய்க்காரர்களே இதைக் கருப்பு எண்ணெய் என்றுதான் சொல்கிறார்கள். கருப்பு, எண்ணெய், இரும்பு, மூன்றும் சனீஸ்வரனுக்குரியவை. ஒன்றே போதும், நான் மூன்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொண்டேன் என்பார். கல்யாண வீடுகளில் அவர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிக் கேட்பார்கள். புஷ்பவள்ளி பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருப்பாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சனீஸ்வரன் அந்தச் சரிவுப் பக்கமே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீரமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து வீட்டு ஜெயபாலன் வண்டியை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். அவன் போன பிறகு அவள் குனிந்து பார்த்தாள். இஞ்சினுக்கு அடியில், எண்ணெய் வடிக்கும் ஓட்டையில் போல்ட்டே இல்லை. கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போட மறந்திருக்கிறார். போல்ட் வழியில் கழன்று விழுந்து, எண்ணெய் பின் டயரில் கொட்டியிருக்கிறது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புதுப் போல்ட் வாங்கி மாட்டி, வண்டியைத் துடைத்து வைத்தாள். வீரமுத்துவிடமும் சொல்லவில்லை. ஒரு போல்ட்டை முறுக்கத் தெரியாத ஆள் என்று ஊர் சிரிப்பதைவிட, சனி பிடித்த ஆள் என்று பரிதாபப்படுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்காக நியாயம் கேட்க யார் வரப்போகிறார்கள்?

அந்தக் கதையைக் காப்பாற்ற அவளும் உழைத்தாள். சனிக்கிழமைகளில் எண்ணெய் என்று எதையும் வாங்குவதில்லை. கோயிலில் எள் விளக்கு ஏற்றினாள். குருக்கள் அவளைப் பக்திக்கு உதாரணம் காட்டினார்.

இப்போது வீரமுத்துவுக்குத் தெப்ராவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். நேர் பஸ் கிடையாது. ஜெயபாலன் தன் பழைய வண்டியைக் கொடுக்கத் தயாராக இருந்தான். வீரமுத்து அதை மனைவியிடம் சொன்னபோது அவள், “பாக்கலாம்,” என்றாள். அந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் வேண்டாம் என்று பொருள். அவருக்கும் தெரியும். மணிக்கட்டைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மறதிதான் பயம்.

சனிக்கிழமை காலை அவள் ஸ்பேனரை எடுத்தபோது, இன்று நான் மாற்றுகிறேன் என்று வீரமுத்து கையை நீட்டினார். அவள் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். குந்தி உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் டப்பாவில் கருப்பாக இறங்கியது. போல்ட்டைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொண்டாள்.

புது எண்ணெய்ப் புட்டியைத் திறக்கப் போகும்போதுதான் அவள் கவனித்தாள். புட்டியின் மேல் ஸ்கூட்டர் படம், மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய் அல்ல. மறுநாள் சனி, வாங்க முடியாதே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவசரத்தில், கடை மூடும் நேரத்தில், கையில் கிடைத்ததை எடுத்து வந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஜெயபாலன் எட்டிப் பார்த்தான். இதை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது, பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் கத்தும், வண்டி நகராது, பின்னால் லோரி வரும் என்றான். தன்னிடமும் மிச்சம் இல்லை என்றான்.

“நான் போய் வாங்கியாரேன், அக்கா. என்னய சனி புடிச்சா புடிக்கட்டும் லா. ஏற்கனவே கல்யாணமாயிருச்சு,” என்றான்.

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு விடியற்காலை அவளுக்கு வேலை. எண்ணெய் இல்லாமல் வண்டி இல்லை. ஆனால் இன்று வாங்கி, நாளை அவள் நல்லபடியாகப் போய் வந்துவிட்டால், சனிக்கிழமைமேல் போட்ட பழி நிற்காது. அது போனால் மிஞ்சுவது போல்ட்தான். திங்கட்கிழமை புது இடத்துக்குப் போகிற மனுஷனிடம் அதையா மிச்சம் வைப்பது?

“நாளைக்கு நான் லீவு போட்டுக்கறேங்க. ஞாயித்துக்கெழம கடை தெறந்ததும் வாங்கிக்கலாம்,” என்றாள்.

வீரமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து நடந்தார். கடை வரிசை தூரமில்லை. ஜெயபாலன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடி உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்தபோது அவர் கையில் சரியான புட்டி இருந்தது. கூடவே போல்ட்டுக்குப் புது வாஷர்.

“சனிக்கெழமங்க இன்னிக்கு,” என்றாள் அவள்.

“தெரியும். அன்னிக்கும் சனிக்கெழமதான். எண்ணெய் என்ன பண்ணும்?” அவர் குந்தினார். “ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் மொத வேலையா குனிஞ்சு பாத்தேன், வள்ளி. பழைய போல்ட்டு தலை தேஞ்சது. இது பளபளன்னு இருந்துச்சு.”

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம். எத்தனை எள் விளக்கு.

“தெரிஞ்சுமா ஊரெல்லாம் சனி சனின்னு சொன்னீங்க?”

“நீ மூடி வச்சத நான் எப்படித் தெறக்கறது?”

அவளும் பக்கத்தில் குந்தினாள். உள்ளங்கையில் இருந்த போல்ட்டைக் கொடுத்தாள். அவர் வாஷர் போட்டு, கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கினார். வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை. இடது கையால் செய்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

“நீ ஒரு தடவ பாத்துக்க.”

“வேணாம். ஊத்துங்க,” என்றாள்.

ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில், பாலத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நின்றன. வரிசை நகர்கிற வழியாக இல்லை. அவள் இஞ்சினை அணைத்து, இறங்கி, செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தாள். சூட்டைப் பார்க்காமல் கையை அடியில் விட்டுப் போல்ட்டைச் சுற்றித் தடவினாள். விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். எண்ணெய் இல்லை, தூசிதான் இருந்தது.

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜெயபாலனுக்குச் செய்தி அனுப்பினாள். அந்த வண்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, அவருக்குத் திங்கட்கிழமை வேண்டும் என்று. குனிந்து பார்த்ததை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை.