உடுமலைக்குப் போன வெளுத்த கட்டைகள்

கல்யாணமாகி நான் போத்தனூருக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் பழைய கட்டடங்களைப் பிரித்து மரம் விற்கும் தொழிலில் இருந்தார். இடிக்கிற வீடு, மூடிப்போன பஞ்சுக் கிடங்கு, எதுவானாலும் போய் விலைபேசி, உத்தரம், தூண், நிலைக்கதவு எல்லாவற்றையும் வண்டியேற்றிக்கொண்டு வருவார். நீளமானவை தச்சர்களிடம் போகும். அறுத்துத் தள்ளிய துண்டுகள் எங்கள் அடுப்புக்கு.

பக்கத்துத் தெருவில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பொழுதுபோக்காகப் பறவை பொம்மைகள் செதுக்குவார். ஒருநாள் எங்கள் விறகுக் குவியலைப் பார்த்துவிட்டு, "இதைப் போயி எரிக்கறீங்களே அம்மிணி, எனக்குக் குடுங்க" என்றார். அப்படித் தொடங்கியதுதான். அவருக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வெளியூர்களிலிருந்தும் கேட்டார்கள். சதுரங்கக் காய் கடையும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், சின்னப் பெட்டிகள் செய்யும் எஸ்டேட் மானேஜர் ஒருவர். வீட்டுக்காரருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. ஆணி பிடுங்கி, செல்லரித்த பக்கத்தைச் செதுக்கி, சாக்கில் போட்டுத் தைத்து, ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் சேர்ப்பது என் வேலையாகிவிட்டது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

உடுமலைப்பேட்டையில் பிரசவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவும் எங்களிடம் வாங்கினார். ஓய்வு நேரத்தில் கிலுகிலுப்பை செதுக்குவார். தன்னிடம் பிறந்த குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் கடித்து விளையாடக் கொடுப்பார். வெளுத்த நிறத்தில், வழவழப்பாக இழைக்க வருகிற கட்டை வேண்டும் என்பார். ஒருமுறை பல்லடம் பக்கம் ஒரு வண்டிச்சாளையை, மாட்டுவண்டி நிறுத்தும் கொட்டகையை, பிரித்து வந்ததில் அதே மாதிரி கட்டைகள் கிடைத்தன. சந்தன நிறம், நல்ல கெட்டி. ஆசையாகப் பொறுக்கி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்தச் சாளையை விற்ற விவசாயி, மரத்தோடு சேர்ந்து வந்துவிட்ட தன் கடப்பாரையைக் கேட்டு வந்தார். முற்றத்தில் கிடந்த மிச்சத் துண்டைக் காலால் புரட்டிக்கொண்டே, "ஏனுங்க அம்மிணி, இந்த எட்டியைப் பொறத்தால தள்ளிப் போடுங்க. ஆடு மாடு நக்கிப்போடப் போகுது" என்றார்.

"எட்டிங்களா?"

"ஆமாங்க. கறையான் அண்டாதுன்னு சாளைக்கு எங்கப்பன் நட்ட காலுங்க."

உடுமலைக்கு அனுப்பியதும் அதே கட்டைதான். எட்டிக்காய் விஷம் என்று தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. வீட்டுக்காரர் சோமனூருக்கு மரம் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, என் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். உடுமலை வழியாகப் பழனிப் பக்கம் போகிற வண்டி கிடைத்தது. என் மகளுக்கும் அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே வந்தாள். அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொள்ளாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

உடுமலையில் குதிரை வண்டி பிடித்து டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அதுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. போத்தனூர் மரக்கடை என்று சொல்லிவிட்டு மூச்சுவிடாமல் கேட்டேன்.

"போன சாக்குல வந்த வெளுத்த கட்டை எட்டிங்க, டாக்டரம்மா. குழந்தைக்கு ஏதாச்சும் செஞ்சு குடுத்துப்போட்டீங்களா?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லை. முதல்ல உக்காரு கண்ணு."

"ஒரு குழந்தைக்கும் போகலீங்களா?"

"போகலை. செஞ்சது வாஸ்தவம். இழைச்சு முடிச்சு நாக்கு நுனியில வெச்சுப் பார்த்தேன். கசந்துபோச்சு. துப்பிப்போட்டு வாயைக் கொப்புளிச்சேன். பச்சைக் குழந்தை வாயில வெக்கறதை நான் வெச்சுப் பார்க்காமக் குடுப்பனா?"

மறுபடியும் கேட்டேன். அவர் சலிக்காமல் மறுபடியும் அதையே சொன்னார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது பசி. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"ராத்திரி சோறு ருசிக்கலை, அவ்வளவுதான்" என்று சிரித்தார். "மிச்சக் கட்டையில சுத்தியலுக்குப் பிடி போட்டுட்டேன். நல்லா நிக்குது."

சோறும் அரைத்துவிட்ட குழம்பும் போட்டார். நான் சாப்பிட்ட சாப்பாட்டை இன்று நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தையைத் தன் மடியில் வைத்து, விரலால் ஈறைத் தடவிப் பார்த்து, "கீழ ஒண்ணு வந்துருச்சு" என்றார். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது போத்தனூர் பிளாட்பாரத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறார். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகவே சொன்னேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஸ்டேஷன் கடைப் பக்கம் திரும்பி, "காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம், வா" என்றார்.