இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து மதுரைக்கு முதன்முதலாக விமானத்தில் வந்தோம். அழகர்மலை தெரிந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இந்தப் பக்கத்து றெக்கை விசிறி நின்னுபோச்சே!"

"பயப்படாத. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்துல நம்ம பஸ்காரரு எஞ்சினை அணைச்சுருவாருல்ல? அதுமாதிரிதான்" என்றேன். பின்னால் பதறியவர்களுக்கும் அதையே விளக்கினேன்.

இறங்கியதும் விமானியிடம், "எம்புட்டுப் பெட்ரோல் மிச்சம்ணே?" என்று கேட்டேன். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"மிச்சமா? எண்ணெய் ஒழுகுச்சுய்யா. அணைக்கலேன்னா தீப்பிடிச்சிருக்கும். ஒத்த எஞ்சின்லதான் வந்து சேர்ந்தோம்."

நின்ற எஞ்சினால் பிழைத்தோமா, ஓடிய எஞ்சினால் பிழைத்தோமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போதெல்லாம் கொடைக்கானல் இறக்கத்தில் பஸ் சத்தம் அடங்கினால், டிரைவர் சட்டை நனைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.