முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்

ஜங்ஷன் ரோட்டில் என் செல்போன் கடைக்கு வந்தவர் பீங்கான் கம்பெனித் தொழிலாளி. நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் களிமண். போன் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“காசில்லாம வீடியோ எறக்குற ஆப் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

முதலில் போட்ட ஆப், படத்தின் நடுவே தன் பெயரைப் பதித்தது. “மொகம் மறையுதுங்க.” அடுத்ததில் சத்தம் வரவில்லை. “அழுவுறது கேக்கணுங்க.” ஏதோ சாவு வீட்டு வீடியோ என்று நினைத்தேன். மூன்றாவதில் தெளிவாக வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவரைச் செருப்பால் அடிக்கிறார்கள், அவர் கதறுகிறார்.

“யாருங்க இது?”

“என் தம்பி. வீடியோவ நெட்டுல போட்டவன்கிட்ட தம்பி கெஞ்சியிருக்கான், நாளைக்கு அழிச்சிடுவானாம். தம்பி பொண்ணு கல்யாணத்துல, மண்டபத்துப் பெரிய ஸ்கிரீன்ல ஓடணும்.”

திரையை இன்னொரு முறை துடைத்துவிட்டு, “நீங்களும் குடும்பத்தோட வந்துடுங்க” என்று வாயார அழைத்தார்.