கைரியா வீட்டுச் செம்பு

கட்டுக்கலையில் கைரியாவுக்குச் சந்தேகக்காரி என்று ஒரு பேர் இருந்தது. பால்காரன் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, அது வழிகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாத்திரத்தை உள்ளே எடுப்பாள். பிறை கண்டாயிற்று என்று யாராவது ஓடி வந்தால், "கண்டது யாரு? நீங்களா, இல்லாட்டி ஒங்களுக்குச் சென்னவரா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள். தொப்பி தைத்துப் பிழைக்கும் விதவைக்கு இத்தனை விசாரணை எதற்கு என்று தெருவில் சிரித்தார்கள். ஆனால் அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எந்த வீட்டில் என்ன களவு போனாலும் செம்பு பிடிக்க அவளைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, பித்தளைச் செம்பின் விளிம்புக்கடியில் ஆளுக்கொரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பார்கள். பள்ளிவாசல் லெப்பை குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவார். சந்தேகப்பட்டவர்களின் பேர் எழுதிய துண்டுகளை ஒவ்வொன்றாகச் செம்புக்குள் போட்டு எடுப்பார். களவெடுத்தவனுடைய பேர் விழுந்ததும் செம்பு தானாகச் சுற்றும். அதற்கென்று தெருவில் எல்லோரும் கேட்டு வாங்கியது கைரியாவின் செம்பைத்தான். அதன் விளிம்பு அகலமானது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, அடுத்த வீட்டுப் புடவைக் கடைக்காரரின் மனைவி றமீஸாவின் அட்டியல் காணாமல் போனது. ஹபீல் லெப்பை வந்தார். கைரியாவும் றமீஸாவும் செம்பைப் பிடித்தார்கள். வண்டிக்காரன், வண்ணாத்தி, விறகுக்காரன், பால்காரன், சமையலுக்கு நின்ற வேலாயி என்று ஐந்து பேரின் பேர் எழுதப்பட்டது. வீட்டார் பேர் ஒன்றும் அதில் இல்லை. கைரியா அதைக் கவனித்தாள்.

லெப்பை ஒவ்வொரு பேரையும் உரக்க வாசித்துவிட்டுப் போட்டார். நான்கு பேருக்கும் செம்பு அசையவில்லை. வேலாயி என்றதும் மெல்ல நகர்ந்து அரைவட்டம் போனது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் வேலாயி. அடுப்படியை விட்டு வந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு தடவை பார்ப்பது, அதிலும் அவள் பேருக்கே சுற்றினால் பொலிஸில் கொடுப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்த கைரியாவுக்குத் தையல் ஓடவில்லை. ஊசி பிடிக்கும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செம்பு விரலை இழுத்ததா, விரல் செம்பைத் தள்ளியதா? வேலாயி என்று வாசித்தபோது எதிரே பிடித்திருந்த றமீஸாவின் உதடு இறுகியதை அவள் கண்டாள். இப்போது சுற்றும் என்று தனக்கும் தோன்றியது நினைவுக்கு வந்தது. அல்லாஹ் நாடினால் எதையும் காட்டுவான்; அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன் விரலாலேயே நடந்திருக்கக் கூடிய ஒன்றை அவன் தலையில் கட்டுவது எந்த நியாயம்? கைரியா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர் நம்பியது. அவளைக் கேளாமல் அவள் விரல் பொய் சொன்னால்?

மறுநாள் அவள் லெப்பையிடம், துண்டுகளை மடித்துப் போடலாம், பேரை வாசிக்க வேண்டாம் என்றாள். றமீஸாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒங்கட வெரல்லதானே ராத்தா செம்பு சுத்தின. நீங்களே சந்தேகப்பட்டா மத்தவங்க என்ன செய்ற?"

"என்ட வெரலத்தான் சந்தேகப்படுறன்," என்றாள் கைரியா.

லெப்பை சிரித்தார். "அல்லாஹ்வுக்கு மடிச்ச காயிதமும் விரிச்ச காயிதமும் ஒண்டுதானே."

"அதத்தான் நானும் செல்றன் லெப்பை."

மடிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஐந்தோடு, ஒன்றும் எழுதாத ஒரு துண்டையும் மடித்துக் கலந்துவிட்டாள். எது எது என்று இப்போது அவளுக்கும் தெரியாது. செம்பு வேறு பேருக்குச் சுற்றட்டும், இல்லாவிட்டால் வெறுந்துண்டுக்குச் சுற்றட்டும். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விரித்துக் காட்டி, இது நம் கைவேலை என்று சொல்லிவிடுவது அவள் எண்ணம்.

முதல் துண்டுக்கும் இரண்டாவதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது விழுந்ததும் நேற்றையதைவிட வேகமாகச் செம்பு சுற்றியது. லெப்பை எடுத்துப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் காகிதம்.

கைரியா பேச வாயெடுப்பதற்குள் லெப்பை முந்திக்கொண்டார்.

"எடுத்தவன்ட பேர் இந்த அஞ்சுலயும் இல்ல. எழுதின எழுத்தையே அல்லாஹ் அழிச்சுக் காட்டிட்டான். நேத்து ஷைத்தான் பூந்து வெளாடி ஈக்கிறான்."

றமீஸா அழத் தொடங்கினாள். மீதித் துண்டுகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நேற்றுக் கண்ணால் கண்டதெல்லாம் ஒரு நொடியில் ஷைத்தானுடைய வேலையாகிவிட்டது. இந்தத் துண்டில் வேலாயியின் பேர் இருந்திருந்தால் நேற்றையது அல்லாஹ்வுடைய வேலையாகவே இருந்திருக்கும். செம்பு எப்படிச் சுற்றினாலும் லெப்பை தோற்கப் போவதில்லை என்று கைரியாவுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் மறுபடி ஓதுவார்கள். மறுபடி பேரை வாசிப்பார்கள். குசினி வாசலில் வேலாயி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவளைப் பார்த்த கைரியா வாயை மூடிக்கொண்டாள்.

அட்டியல் கிடைக்கவேயில்லை. வேலாயி தோட்டத்துக்குத் திரும்பிக் கலியாணமும் கட்டிக்கொண்டாள். எழுத்தை அழித்த செம்பு என்று கேள்விப்பட்டு அக்குறணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். விரல் நோகிறது என்று சொல்லி எல்லாரையும் கைரியா அனுப்பிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வேலாயியே வந்து நின்றாள். தோட்டத்து லயத்து வீட்டில் அவளுடைய வெள்ளிக் கொலுசு களவு போயிருந்தது.

"அந்தச் செம்ப ஒரு தடவ புடிச்சுப் பாருங்கம்மா."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகம் என்னம்மா, பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாதான். எனக்குத் தெரியும்."

கைரியா தைத்துக்கொண்டிருந்த தொப்பியைக் கீழே வைத்தாள். அன்று வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டது தான்தான் என்று, இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். வேலாயி தலையை ஆட்டினாள்.

"நீங்க போட்டீங்க, சரி. ஆறு துண்டுல அதுல வந்து சுத்தணும்னு போட்டது யாரும்மா?"

கைரியா தொப்பியை மறுபடி எடுத்துக்கொண்டாள். செம்பு பிடிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். வேலாயி குடிக்கக் கேட்டபோது அந்தச் செம்பிலேயே தண்ணீர் கொடுத்தாள். வேலாயி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள். அவள் போனதும், இனி இது கால் கழுவத்தான் என்று செம்பைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டாள் கைரியா.

விடிந்து பார்த்தபோது செம்பைக் காணவில்லை. செம்பைத் தேட எந்தச் செம்பைப் பிடிப்பது என்று றமீஸா வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். கைரியாவும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் வெற்றுக் கிணற்றடியைக் கண்ட அந்த நொடியிலேயே அவள் மனதில் ஒரு பேர் வந்து விழுந்திருந்தது. வேலாயி.

கண்டது யாரு என்று தன்னையே கேட்டாள். யாரும் காணவில்லை. அதன் பிறகும் அந்தப் பேர் மனதை விட்டுப் போகவில்லை.