இனிமே பெட்டி எதுக்கு?

ரயிலில் இடம் கிடைத்தாலும் நான் நின்றுகொண்டுதான் போவேன். உட்கார்ந்தால் என் கால் சும்மா இருக்காது. எதிரே இருப்பவரின் டிபன் பையை உதைத்துவிட்டு, காலங்காத்தாலேயே யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொள்வேன். மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி பெங்களூருக்குப் போகிற ரயில் அது. கோலார் தங்க வயலில் பாதிப் பேருக்கு வீடு இங்கே, வேலை அங்கே. மிச்ச வாழ்க்கையெல்லாம் அந்த ரயிலில்தான் நடக்கிறது.

அதில் என்னோடு தினமும் வருகிற ஒருத்தன், பெங்களூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன், ஒருநாள் கதவோரம் நின்று என்னைச் சீண்டினான்.

"இன்னாக்கா, இன்னும் அந்த கேம் பெட்டிய வெச்சிக்கினு கீறீங்களா? கொஞ்ச வருஷம் போனா கடையிலயே கிடைக்காது பாருங்க. எல்லாம் கிளவுடுக்குப் போய்டும்."

"என் பெட்டி உன்ன இன்னா பண்ணிச்சி?"

"அது ஒண்ணும் பண்ணலக்கா. அதோட வேல முடிஞ்சிபோச்சி, அவ்ளோதான்."

தங்கச் சுரங்கத்தையே மூடிவிட்ட எங்கள் ஊரில், வேலை முடிந்துபோச்சு என்கிற வார்த்தையை யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் விளக்கினது புரிந்தது. ஆட்டம் எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும். நமக்குப் படம் மட்டும் வரும். நாம் பட்டனை அழுத்தினால் அந்த அழுத்தம் அங்கே போகும், படகோ காரோ அங்கே திரும்பும், திரும்பின படம் நம்மிடம் வரும். கையில் ஒரு போன் இருந்தால் போதும், பெட்டி வேண்டாம். கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே எரிச்சல் கூடியது.

கழுதை வயசாகியும் கேம் ஆடுகிறாளே என்று என்னை என் சொந்தக்காரர்கள் கேலி செய்வதில் தப்பில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஆடுகிறோம். அவர் இங்கேயே பெரிய எந்திரங்கள் செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டர். பெட்டியை வாங்கியதும் அவர்தான், காற்றுக்காலத்தில் சயனைடு டம்பிலிருந்து, அந்தச் சுரங்கக் கழிவு மண்மேட்டிலிருந்து, தூசி கிளம்பும்போது அதன் மேல் ஈரத்துணி போடுவதும், மாதத்துக்கு ஒருமுறை பிரித்து ஃபேனை பிரஷ்ஷால் துடைப்பதும் அவர்தான். நான் ஆடுவதோடு சரி.

நாங்கள் ஆடியது ஒரே ஆட்டம். ஒரு படகு, இரண்டு பேர். இடது துடுப்பு ஒருவர் கையில், வலது துடுப்பு இன்னொருவர் கையில். ஆறு மலையில் கிளம்பிக் கடலுக்குப் போகிறது. இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டால்தான் படகு நேராகப் போகும். எனக்குப் பொறுமை கிடையாது, அவருக்கு அவசரம் கிடையாது. அதனால் எங்கள் படகு பெரும்பாலும் பாறையில்தான் இருக்கும். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, முழங்கையால் இடித்துக்கொண்டு, மறுபடி தொடங்குவோம். கடலை நாங்கள் பார்த்ததே இல்லை.

ஆனால் எங்கள் பேச்செல்லாம் அந்தப் படகில்தான் நடந்தது. எதிரெதிரே உட்காரவைத்து இப்போது பேசுங்கள் என்றால் இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. கையில் வேலை இருந்து, கண் திரையில் இருந்தால்தான் எங்களுக்கு வார்த்தை வரும். குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோமே, அதை நிறுத்தியதுகூட ஒரு அருவிக்கு மேலே வைத்துத்தான். "போதும்மே. இனிமே டாக்டருகிட்ட போவ வேணாம். வலது பக்கம் போடு, வலது பக்கம்" என்றார் அவர். நான் வலது பக்கம் போட்டுக்கொண்டே அழுதேன். படகு கவிழ்ந்தது. அதற்கப்புறம் மனசு கொஞ்சம் லேசானது.

போன வருஷம் என் உடம்பு ரயிலுக்கு மறுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவேன். சனி ஞாயிறு கழுத்தைத் திருப்ப முடியாது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் கட்டில் காலியாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சனி ஞாயிறு இங்கே என்று அவரே சொன்னார். நான் தயங்கியதும், போனில் மாட்டுகிற ஒரு ரிமோட்டை வாங்கி வந்து கையில் வைத்தார்.

"நம்ம ஆட்டம் கிளவுடுலயும் கீது. நீ அங்கேர்ந்து ஆடு, நான் இங்கேர்ந்து ஆடறேன். இன்னா கெட்டுப்போச்சி?"

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முதல் சில வாரங்கள் எனக்கு அது மாயமாக இருந்தது. விடுதிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, காதில் அவர் குரல், கையில் அதே படகு. ரயிலில் சீண்டினவனைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரிதான்டா தம்பி என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் தொல்லை ஆரம்பித்தது. சாப்பாடு முடிந்ததும் விடுதியில் எல்லோரும் ஆளுக்கொரு படத்தைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். ஒரே வைஃபை. என் திரையில் ஆறு கலங்கிக் கூழாகிவிடும். நான் பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டபிறகுதான் துடுப்பு அசையும். அதற்குள் பாறை வந்திருக்கும். ஊரில் கால்வாய் தோண்டுகிறேன் என்று யாராவது கேபிளை அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் அவர் காணாமல் போவார். முன்பெல்லாம் பாறையில் மோதினால் ஒருவரையொருவர் திட்டுவோம். இப்போது "சாரிங்க, நெட்டு" என்றேன் நான். "பரவால்லமே, நெட்டுதான்" என்றார் அவர். குற்றத்தைத் தூக்கிப்போட மூன்றாவதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

அதற்கு மணி அடிக்கிற யோசனை அவருடையது. என் மாமனார் மைனில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களைச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டான கேஜை, மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. கேஜ் அவர் கண்ணில் படாது. கீழேயிருந்து அடிக்கிற மணியைக் கேட்டுத்தான் நிறுத்துவார், இறக்குவார், ஏற்றுவார். மைன் லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எங்களுக்கெல்லாம் அந்த மணி தெரியும். மரப்பெட்டியில் கயிறு கட்டி, தட்டில் கரண்டியால் அடித்து நாங்களும் கேஜ் ஓட்டியவர்கள்தான்.

"படத்த நம்பாத, மணிய நம்பு" என்றார். படம் இழுத்தாலும் போனில் சத்தம் சீக்கிரமே வந்தது. அவர் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போடு. மூன்று என்றால் பலமாகப் போடு. நான் என் கட்டிலின் கம்பியில் தட்டிப் பதில் சொல்வேன். பதில் வராமல் அவர் நகரமாட்டார்.

பிரமாதமாக வேலை செய்தது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றாத யோசனை என்று எனக்கு அவ்வளவு பெருமை. எத்தனையோ வருஷமாக எங்களைக் கவிழ்த்த பாறைகளை எல்லாம் வழுக்கிக்கொண்டு கடந்தோம். ஒரு வியாழக்கிழமை திரை முழுக்க நீலமாக விரிந்தது. கடல்.

வாழ்த்துகள் என்று எழுத்து வந்தது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. என்னவோ சரியில்லை, என்னவோ விட்டுப்போயிற்று என்று கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். நடந்து நடந்துதான் பிடிபட்டது. வாரக்கணக்கில் நாங்கள் பேசவே இல்லை. சனி ஞாயிறு ஊருக்குப் போனாலும் துணி துவைக்கவும் தூங்கவுமே எனக்குச் சரியாக இருந்தது.

மணி அடிக்கும்போது பேசக்கூடாது. அது மைன் சட்டம். ஒரு மணி தப்பாகக் காதில் விழுந்தால் கீழே உயிர் போகும். மரப்பெட்டிக் கேஜ் ஓட்டிய காலத்திலேயே, மணி அடிக்கும்போது வாய் திறந்தவனின் முதுகில் பொளேர் என்று விழும். அந்தப் பழக்கம் எங்களைக் கேட்காமலேயே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆடத் தொடங்கும்போது "சாப்டியா", முடிக்கும்போது "தூங்கு". நடுவில் டம்ளரும் கட்டில் கம்பியும். அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே புது மேனேஜர் என்னை வறுத்தெடுக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரு தவறும் செய்யாமல் கடலுக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

மறுநாள் இதைச் சொல்லலாம் என்று போனை எடுத்தால் அவர் முந்திக்கொண்டார். "பெட்டி தூசி புடிச்சிக்கினு சும்மாதான் கீது. நானும் இப்ப போன்லதான் ஆடறேன். பூதிகோட்டைலேர்ந்து ஒருத்தர் கேக்கறாரு. குடுத்துடலாமா? இனிமே பெட்டி எதுக்கு?"

எனக்குள் என்னவோ திடுக்கென்றது. ஆனால் மேனேஜர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தான். "சரி" என்றேன்.

பிறகு, "ஒடம்பு முடியலன்னா வாராவாரம் வரணும்னு இல்ல. அங்கயே இருந்துக்கோ" என்றார்.

நல்ல மனதோடு சொன்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வராதே என்கிறாரா? வரவேண்டியதில்லை என்கிறாரா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பயமாக இருந்தது. ரயிலில் அவன் சொன்னது நடக்கத்தான் போகிறது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கேபிளை ஒழுங்காகப் போடுவார்கள், தாமதம் குறையும், பெட்டி போய்விடும். போகட்டும். எங்கிருந்தும் ஆடலாம் என்றால் நல்லதுதான். ஆனால் எங்கிருந்தும் ஆடலாம் என்றால், ஒரு இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்கிற கட்டாயமும் போய்விடுகிறதே. அந்தக் கட்டாயத்தில்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். அன்று சாயங்காலமே ரயில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்காரர் வந்தார். தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டை, கையில் பெரிய பை. அவர் மனைவியும் அவரும் ஆடுவதற்காம். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவரும் போனில் ஆடினால் என்ன என்று நான் கேட்டேன். "நம்ம தோட்டத்துல போன் பேசணும்னாவே வரப்பு மேல ஏறி நிக்கணும்மா" என்றார். பிறகு, "ரெண்டு ரிமோட்டும் வேலை செய்யுதா, ஸ்வல்ப நேரம் ஆடிக் காட்டுங்க" என்றார்.

நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டம்ளரும் இல்லை, கம்பியும் இல்லை. முதல் வளைவிலேயே படகு பாறையில் போய் முட்டியது.

"இன்னாங்க நீங்க, கண்ணு எங்க கீது?" என்று என் வாய் தானாகக் கத்தியது.

"என் கண்ணு இங்கதான் கீது. நீதான் அவசரப்பட்ட. எப்பவும் நீதான் அவசரப்படுவ. ஆஸ்டல் போறதுக்கும் அவசரம்."

"நானா அவசரப்பட்டேன்? கட்டில் இருக்குன்னு சொன்னதும் பைய எடுத்து வெச்சதே நீங்கதான!"

"வேற இன்னா பண்ண சொல்ற? தட்டுக்கு முன்னால தூங்கி விழற, பாத்துக்கினு இருக்கவா?" கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. துடுப்பை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். "நீ இல்லாத நாள்ல இந்த வீட்ல அடுப்பே பத்த வெக்கறதில்ல. ஓட்டல்லதான் துன்றேன். ஒரு ஆளுக்கு இன்னா சமைக்கறது?"

"சொல்லலியே."

"எங்க சொல்ல உட்ட? டொக்கு டொக்குனு தட்டிக்கினு இருந்தா?"

"அது உங்க யோசனதான!"

"என் யோசனதான். பெட்டிய விக்கலாம்னதும் என் யோசனதான்." குரல் சட்டென்று இறங்கியது. "வேணாம்னு சொல்லுவன்னு பாத்தேன். அதுக்குத்தான் கேட்டதே. நீ சரின்னுட்ட."

படகு பாறையில் இடித்துக்கொண்டே நின்றது. பூதிகோட்டைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிமோட்டு ரெண்டும் சரியாத்தான் கீதும்மா. நான் எடுத்துக்கட்டுமா?" என்றார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்நிய மனிதர் முன்னால் அழுகிறோமே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லவேண்டியதை அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னேன். "மன்னிச்சிக்கங்கண்ணா. குடுக்கறதில்ல."

பஸ் பிடித்து வந்தவர், முணுமுணுக்கத்தானே செய்வார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, விற்பதாக இருந்தால் முதலில் தனக்குத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலிப் பையை மடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் டம்ளர்களை எடுத்துக் கழுவப் போனார். குழாயடியில் முதுகைக் காட்டி நின்றபடியே கேட்டார். "இன்னிக்கு சாயங்காலம் கெளம்பறியா, நாளைக்கு விடியகாலையா?"

"விடியகால. வெளக்கு வெச்சப்பறம் திரும்பி வந்துடுவேன்."

"நாளைக்கு மட்டுமா?"

"தெனமும்."

"தட்டுக்கு முன்னால தூங்கி விழுவ."

"விழறேன். நீங்க எழுப்புங்க."

அவர் குழாயை மூடினார். கையைக்கூடத் துடைக்காமல் அரிசி டப்பாவைத் திறந்தார்.